பின்னலைப் பிரிக்கச் சொன்னேன்: கறுப்பினத்தவரின் முடி பற்றி உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரு சந்திப்பு, உங்களுக்கும் உண்டா?

ஓஹாயோ இரவுப்பணி

மூன்று வருடமாக மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். மருத்துவமனையில் ஈஈஜி, அதாவது மூளை அலைப் பதிவு, எடுப்பது என் வேலை. தலையில் 21 இடங்களில் எலக்ட்ரோட் ஒட்ட வேண்டும், ஒவ்வொன்றும் தோலைத் தொட்டாக வேண்டும். அதனால் நோயாளிக்கு அனுப்பும் தாளில் ‘பின்னல், சவுரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வரவும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை நான் ஒருநாளும் நின்று படித்ததில்லை.

அன்று வந்தவர் அறுபது வயதை ஒட்டிய கறுப்பினப் பெண்மணி. தாள் அவருக்குப் போய்ச் சேரவில்லை. தலை முழுக்கச் சன்னமான கார்ன்ரோ, தலைத்தோலை ஒட்டி வரிசை வரிசையாகப் பின்னும் பின்னல், வகிடெல்லாம் அடிக்குச்சி வைத்துக் கோடு போட்ட மாதிரி. பிரிக்க வேண்டும் என்றேன். “நேற்றுதான் என் தங்கை ஐந்து மணி நேரம் உட்கார்ந்து பின்னினாள்” என்றார். கோபப்படவில்லை. ஒரு பேனா மட்டும் கேட்டார். என் சட்டைப்பையில் இருந்ததைக் கொடுத்தேன். அதன் முனையால் ஒவ்வொரு பின்னலின் நுனியையும் நெம்பி நெம்பிப் பிரிக்க ஆரம்பித்தார், காத்திருப்போர் அறையில், எல்லோருக்கும் முன்னால். ஒன்றரை மணி நேரம் ஆனது. முடிந்ததும் கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டார். எங்களிடம் இல்லை. கையாலேயே தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார். அந்தக் கைதான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பதிவு எடுத்தது அரை மணி நேரம்தான். போகும்போது பேனாவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகுதான் ஒன்று படித்தேன். பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கறுப்பின மாணவி ஒருவர் சேர்ந்திருந்த குழு இதற்கென்றே ஒரு கிளிப் செய்திருக்கிறது. எலக்ட்ரோட் உட்காரும் இடங்களைத் திறந்து விட்டுக் கார்ன்ரோ பின்னிக்கொண்டால், அந்தப் பின்னலையே பிடிமானமாக வைத்துக் கிளிப் எலக்ட்ரோடைத் தோலோடு அழுத்தும். இந்த ஆய்வு வந்தது 2020இல். ஹான்ஸ் பெர்கர் மனித மூளை அலையை முதன்முதலில் பதிவுசெய்தது 1924இல். நடுவில் இருந்த அத்தனை வருடமும் அந்த அம்மாவைப் போன்றவர்கள் பிரித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

க்ரொய்டன் அம்மா

நான் யாழ்ப்பாணம், கணவர் கானா நாட்டவர். எங்கள் பக்கம் தலைமயிர் என்பது சாதாரணச் சொல், இந்தியாவில் உள்ளவர்கள் குறை நினைக்க வேண்டாம்.

மகளுக்கு அப்போது நாலு வயது. அம்மம்மா மூன்று மாதம் நிற்க வந்திருந்தா. “பிள்ளையின்ர தலை பத்தையாக் கிடக்கு, நான் இழுத்துக் கட்டிவிடுறன்” என்று மடியில் இருத்தி, காய்ந்த தலையில் நல்லெண்ணெய் வைத்து, உச்சியிலிருந்து மரச்சீப்பால் இழுத்தா. எனக்கும் அப்படித்தான் கட்டிவிட்டவ, வேறு விதம் அவவுக்குத் தெரியாது. சீப்பில் இரண்டு பல் முறிந்தது. மகள் அழவில்லை. தரையில் கிடந்த பல்லுகளைத் தேடி எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டி, “சொரி, அம்மம்மா” என்றாள்.

சீப்பை முறித்தது தன் தலைமயிர், ஆகவே பிழை தன்னுடையது என்று அந்த வயதிலேயே கணக்குப் போட்டுவிட்டாள். நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு கணவர் பக்கத்து மச்சாள் லண்டன் பெக்கமிலிருந்து வந்து காட்டித் தந்தா. தண்ணீர் தெளித்து நனைத்து, நாலு பங்காகப் பிரித்து, நுனியிலிருந்து மேலே மேலே விரலால் சிக்கெடுப்பது. அம்மம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருந்து முழுவதையும் பார்த்தா. அந்த வருடம்தான் நீச்சல் வகுப்பில் சாதாரணத் தொப்பி மகளின் தலையில் ஏறாமல் கரைச்சல் பட்டோம். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் 2021இல் சோல் கேப் என்ற பெரிய தொப்பியைச் சர்வதேச நீச்சல் சம்மேளனம் மறுத்த செய்தி அதே நாட்களில் வந்தது. 2022 செப்டம்பரில் அனுமதித்தார்கள். அந்தத் தொப்பிதான் இப்போதும் மகளிடம் இருக்கிறது.

டாலஸ் வேதியியல்

க்ரொய்டன் அம்மாவுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். அதற்கு முன் என் கதை, சின்னதுதான். படிக்கும்போது என் கறுப்பின அறைத்தோழி ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரிலாக்ஸர், சுருள் முடியை நேராக்கும் மருந்து, போடுவாள். ஒருநாள் “காதுக்குப் பின்னால் புண்ணாகியிருக்கா பாரு” என்று கூந்தலை ஒதுக்கிக் காட்டினாள். பொருக்குத் தட்டியிருந்தது. எரிந்தால்தான் மருந்து பிடிக்கிறது என்று அவள் அம்மா சொல்லுவாராம். எட்டு வயதிலிருந்து போடுகிறாள்.

இப்போது உங்கள் மகளுக்கு. எண்ணெய் ஈரம் தராது. முதலில் தண்ணீர், பிறகு கிரீம், கடைசியில்தான் எண்ணெய், ஏறிய ஈரம் போகாமல் மூடி வைக்க. சுருள் முடியில் தலைத்தோலின் எண்ணெய் திருகிய இழையில் இறங்கி நுனிவரை வராது, அதனால்தான் நுனி காய்ந்து உடைகிறது. காய்ந்த முடியில் சீப்பு வைக்கவே வேண்டாம். இரவில் சாட்டின் துணியால் தலையை மூடுங்கள், பருத்தித் தலையணை ஈரத்தை இழுத்துவிடும். பின்னலை இறுக்கவே கூடாது. நெற்றி ஓரத்தில் இழுத்து இழுத்தே முடி நிரந்தரமாகக் கொட்டிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முடி வளரவில்லையே என்று மகள் கேட்டால் ஒரு சுருளை மெல்ல இழுத்துக் காட்டுங்கள், தோள்வரை வரும். விட்டால் காதுக்கு மேலே ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான்.

பெரியவள் ஆனதும் ரிலாக்ஸர் கேட்டால் சட்டென்று சம்மதித்துவிடாதீர்கள். பல ரிலாக்ஸர்களில் இருப்பது சோடியம் ஹைட்ராக்ஸைடு, நம் ஊர் காஸ்டிக் சோடா. முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்பை உடைத்து நேராக்குகிறது. 2022இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று வந்தது, 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. நேராக்கும் மருந்தையே தொடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், அடிக்கடி போட்டவர்களில் 4.05 சதவீதம் என்றும் கணக்கிட்டார்கள். மருந்துதான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் அதைப் படித்த அன்று என் தோழிக்கு ஃபோன் செய்தேன். அவளும் படித்திருந்தாள். இரண்டு பேருக்கும் பேச வரவில்லை.

க்ரொய்டன் அம்மா

நன்றி. மச்சாள் எல்லாம் சொல்லித் தந்துவிட்டா, ஐந்து வருடமாகச் செய்கிறோம். நான் எழுதியது அந்தச் சீப்புப் பல்லைப் பற்றி.

மதுரை டு சான்ஹோசே

எல்லாவற்றையும் படித்தேன். ஆனால் இதைத் தனியாகக் கறுப்பினத்தவர்களுடைய கதை மாதிரி எழுதுவது ஏன்? நம் வீட்டில் நிறத்துக்கு நடக்காததா? என் அக்காவைப் பார்க்க வந்த மூன்றாவது மாப்பிள்ளை வீட்டார், பஜ்ஜி சாப்பிட்டு முடித்துக் கைகழுவும் இடத்தில் வைத்து “பொண்ணு கொஞ்சம் மங்கல்” என்று சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கடலை மாவு, குங்குமப்பூ, கிரீம் எல்லாம் அவள் முகத்தில் பூசிப் பார்த்தாயிற்று. இரண்டும் ஒன்றுதான்.

நெவார்க் வக்கீல் குமாஸ்தா

மதுரைக்காரரே, உங்கள் அக்காவின் வலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒன்று அல்ல. அலபாமா மாநிலம் மோபீல் நகரில் 2010இல் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை கிடைத்தது. உத்தரவு கையில். டிரெட்லாக்ஸ் எனப்படும், திரிதிரியாகத் தொங்கும் சடை முடியை வெட்டினால்தான் வேலை என்றார்கள், வெட்டமாட்டேன் என்றார், வேலை போனது. 2016இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கம்தான் நின்றது. தோல் நிறத்தை மாற்ற முடியாது, சிகை அலங்காரத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆகவே இது இனப் பாகுபாடு ஆகாது என்பது வாதம். மாப்பிள்ளை வீட்டார் சொன்னது கொடுமை. இங்கே அதே கொடுமை தீர்ப்பாக அச்சாகி, அடுத்த வழக்கில் மேற்கோள் காட்ட வசதியாக அலமாரியில் இருக்கிறது.

இதற்காகத்தான் கிரௌன் சட்டம், முடியின் இயல்பையும் பின்னல், சடை போன்ற அலங்காரத்தையும் வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது. 2019 ஜூலையில் கலிபோர்னியா முதலில் கொண்டுவந்தது. அதே டிசம்பரில் எங்கள் நியூஜெர்சி. நாடு முழுவதற்கும் என்று 2022இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டைத் தாண்டவில்லை. நியூஜெர்சியில் சட்டம் வருவதற்கு ஒரு வருடம் முன்பு, 2018 டிசம்பரில்தான் மல்யுத்தப் போட்டிக்கு வந்த பள்ளிப் பையன் ஒருவனின் சடைமுடியை, வெட்டு அல்லது தோற்றதாக எழுதிக்கொள் என்று சொல்லி, மைதானத்தின் ஓரத்திலேயே கத்தரித்தார்கள். அந்தக் காணொளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

என் அனுபவம் நாலு வரிதான். முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் கறுப்பின வழக்கறிஞர் ஒருவர் விக் வைத்துத்தான் கோர்ட்டுக்குப் போவார். சட்டம் கையெழுத்தான வாரம், “நாளைக்கு எடுத்துடலாமா?” என்று என்னிடம் கேட்டார். குமாஸ்தாவான என்னிடம். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், “உங்க இஷ்டம் மேடம்” என்றேன். மறுநாளும் விக்கோடுதான் வந்தார். எடுங்கள் மேடம் என்று சொல்லியிருக்கலாமே என்று இன்றும் தோன்றுகிறது.

மதுரை டு சான்ஹோசே

தீர்ப்பு விஷயம் எனக்குத் தெரியாது. ஒன்று என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அக்காவைப் பற்றி எழுதியதை எடுக்கமாட்டேன்.

அட்லாண்டா திருத்தணி

அப்பாவுக்கு பைபாஸ் ஆனபோது வேண்டிக்கொண்டு, 2014இல் திருத்தணியில் மொட்டை போட்டேன். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. நாவிதர் இரண்டு சடையாகப் பிரித்து முடிந்து, வேரோடு மழித்து, அப்படியே பெட்டியில் போட்டார். முருகனுக்குப் போனது என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசித்ததில்லை.

அட்லாண்டாவில் என்னோடு வேலை பார்க்கும் கறுப்பினத் தோழி ஒரு சனிக்கிழமை, தலையில் தைத்துக்கொள்ளும் சவுரி விற்கும் முடிக் கடைக்கு அழைத்துப் போனாள். சுவர் முழுக்க முடி, பாக்கெட் பாக்கெட்டாக. அவள் எடுத்ததில் இந்திய முடி என்று போட்டிருந்தது. அதை என் ஜடையோடு வைத்துப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு எனக்கு வரவில்லை. கோவிலில் கொடுத்த கதையைச் சொன்னேன். திருமலை மாதிரி இடங்களில் காணிக்கை முடியை ஏலம் விடுவார்கள், வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று கலையாமல் இருப்பதால்தான் அதற்கு இந்த விலை என்றும் சொன்னேன். “கொடுத்தவர்களுக்குப் பணம் உண்டா?” என்று கேட்டாள். இல்லை, வேண்டுதல் என்றேன். கையில் இருந்த பாக்கெட்டைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பதினாறு வருஷமா இன்னொருத்தியோட வேண்டுதலைத் தலையில தச்சு வச்சிருந்தேனா” என்றாள். அன்று வாங்கவில்லை.

அதற்காகத்தான் வெட்டினாள் என்று நான் சொல்லமாட்டேன். அவள் ரொம்ப நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தாளாம். இரண்டு மாதம் கழித்து, மருந்தும் சவுரியும் பட்ட பாகம் அத்தனையையும் கத்தரித்துவிட்டு, விரல்கணு அளவு சுருளோடு ஆபீசுக்கு வந்தாள். கை பின்கழுத்தை விட்டு இறங்கவே இல்லை. அது எனக்குத் தெரியும். முதல் நாள் அங்கேதான் காற்று படும்.

மதியத்துக்குள் மூன்று பேர் அவளிடம் உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டுவிட்டார்கள். ஒருவர் கீமோவா என்றே கேட்டார். “நீ மொட்டை போட்டப்ப உன்னை என்ன கேட்டாங்க?” என்றாள். யோசித்துப் பார்த்தேன். பஸ்ஸில், ஆபீசில், காய்கறிக் கடையில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “திருப்பதியா, பழனியா?” அதைச் சொன்னேன். முழு மொட்டையோடு திரிந்த என்னை ஊரில் ஒருத்தர்கூட நோயாளியாகப் பார்க்கவில்லை. அவள் வைத்திருந்ததோ அவளுக்குத் தலையில் முளைத்த சொந்த முடி.

ஜோகன்னஸ்பர்க்

மூன்று வருட வேலை ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்காவில் இருந்தேன். 2019 டிசம்பர் 9, திங்கட்கிழமை. விடிவதற்குள் அந்த நாட்டின் சொசிபினி டுன்சி பிரபஞ்ச அழகியாகியிருந்தார், மிஸ் யூனிவர்ஸ், ஒட்ட வெட்டிய இயல்பான முடியோடு. என்னைப் போன்ற தோலும் முடியும் உள்ள பெண் அழகி என்று எண்ணப்படாத உலகில் வளர்ந்தேன் என்று மேடையில் சொன்னவர்.

எங்கள் வரவேற்பறைப் பெண் அன்று விக் இல்லாமல் வந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. துப்புரவு வேலை பார்க்கும் வயதான அம்மா மட்டும் வாளியை வைத்துவிட்டு, மேசையில் இருந்த பென்சிலை எடுத்து அவள் தலையில் செருகினார். நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு விளங்கவில்லை, பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். நிறவெறி ஆட்சியில் ஒருவர் எந்த இனம் என்று சந்தேகம் வந்தால் முடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்களாம். விழுந்தால் ஒரு வகை, நின்றால் வேறு வகை. அந்த அம்மா தன் சின்ன வயதில் அதைப் பார்த்தவர். பென்சில் மாலைவரை அந்தப் பெண்ணின் தலையிலேயே இருந்தது. வருகைப் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தபோது அதை எடுக்காமல் என்னிடம் பேனா கேட்டாள்.

ஓஹாயோ இரவுப்பணி

பேனா என்ற சொல்லைப் படித்ததும் எழுந்து போய்விட்டேன், இப்போதுதான் வருகிறேன்.

ஒரு செய்தி. எங்கள் தலைமை டெக்னீஷியனிடம் அந்த வரியைப் பற்றிப் பேசினேன். மாற்றி எழுதிக் கொடு, பார்க்கலாம் என்றார். வரும் வியாழக்கிழமைக்கு ஒரு கறுப்பினப் பெண் பதிந்திருக்கிறார். பிரித்துவிட்டு வர வேண்டாம், பின்னுவதாக இருந்தால் இந்த இடங்களை மட்டும் திறந்து விடுங்கள் என்று நேற்று நானே ஃபோனில் சொன்னேன். “நெற்றியிலிருந்து பிடரிக்கு எத்தனை வரிசை? என் அக்காதான் பின்னுவாள், அவளிடம் சொல்ல வேண்டும்” என்றார். தலைப் படம் ஒன்று வரைந்து, புள்ளிகளுக்கு இடையே பின்னல் ஓடும் வழியைக் கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன். அறைக்கு ஒரு கண்ணாடியும் வாங்கிவிட்டேன். கதவுக்குப் பக்கத்தில் மாட்ட ஆணி அடிக்க அனுமதி வர வேண்டும்.