பழைய ஸ்டில் 070 மரம் அறுக்கும் மெஷின்: 18,000 ரூபாய்க்கு வாங்கலாமா?

பேராவூரணி தோப்புக்காரர்

வணக்கம். எங்கள் ஊரில் மரம் அறுக்கும் தொழிலை விட்டுவிட்ட பெரியவர் ஒருவரிடம் ஸ்டில் கம்பெனியின் 070 மெஷின் ஒன்று இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்தபோது எங்கள் தோப்பில் சாய்ந்து கிடந்த தென்னைகளை அறுத்து வீட்டுக்கு வழி விட்டது இந்த மெஷின்தான். நான்கு நாள் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அதன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது பெரியவருக்கு மூட்டு வலி. மூன்று வருடமாக அது கொட்டகையில் சாக்குக்கு அடியில் கிடக்கிறது. 18,000 ரூபாய் சொல்கிறார்.

காய்ப்பு ஓய்ந்த பழைய தென்னைகள் முப்பதை வெட்டிப் போட்டிருக்கிறேன். அவற்றைச் சட்டமாகவும் ரீப்பராகவும் அறுத்து மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போட வேண்டும். அறுவை மில்லுக்கு ஏற்றிப் போனால் வண்டி வாடகையே மரத்தின் விலையைத் தின்றுவிடுகிறது. கடையில் புதிய 60 சிசி மெஷினுக்கு 40,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள்.

நேற்று பெரியவர் கயிற்றை இழுத்துக் காட்டினார். ஏழெட்டு இழுப்பில் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் நின்று ஓடியது. ஆக்சிலேட்டரை அழுத்தியதும் அணைந்துவிட்டது. மூன்று முறையும் இதே கதை. வாங்குவதற்கு முன் எதை எதைப் பார்க்க வேண்டும்? டூ ஸ்ட்ரோக் பைக் வைத்திருந்தவன் நான். பிளக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரியும், அதற்கு மேல் தெரியாது.

மதுரைக்காரர்

புதிதாக வாங்கிவிடுங்கள். சந்தையில் 070 என்ற பெயரில் சீன நகல்கள் நிறைந்து கிடக்கின்றன. பெயிண்ட் உரிந்துபோனால் எது அசல், எது நகல் என்று கண்டுபிடிப்பது கடினம். பழைய மெஷினுக்குக் கொடுக்கும் பணத்தோடு ரிப்பேர் செலவையும் கூட்டிப் பார்த்தால் புதியதன் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

கூடலூர் மெக்கானிக்

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இனிமேல் அதை ஓட்டிப் பார்க்காதீர்கள், பெரியவரையும் இழுக்க விடாதீர்கள். ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அணைகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்துதான் ஆயிலும் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் சூடேறிச் சிலிண்டர் சுவரை உரசிவிடும். நல்ல மெஷின்களை விற்கும் நாளன்று ஓட்டிக் காட்டியே கெடுத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், மனது பொறுக்காது.

பெட்ரோல் போதாததற்குப் பெரும்பாலும் காரணம் சிறியதுதான். மூன்று வருடம் கிடந்ததில் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் விறைத்திருக்கும், பெட்ரோல் குழாய் வெடித்திருக்கும், டேங்க்கின் உள்ளே இருக்கும் ஃபில்டர் அடைத்திருக்கும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரையும் கெடுக்கும். இதையெல்லாம் சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். ஆகவே ஸ்டார்ட் ஆகிறதா இல்லையா என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பணத்தைத் தின்னும் கோளாறுகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

பெரியவரிடம் அனுமதி கேட்டுச் சைலன்சரைக் கழற்றுங்கள். உள்ளே சிலிண்டரின் துளை தெரியும். பிளக்கையும் எடுத்துவிட்டு, கயிற்றை மெதுவாக இழுத்தால் பிஸ்டன் அந்தத் துளைக்கு நேரே ஏறி இறங்கும். செல்போன் விளக்கை அடித்துப் பாருங்கள். பிஸ்டனின் பக்கவாட்டில் கடைசல் பிடித்த மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரிந்தால் பிஸ்டனைப் பற்றிக் கவலை இல்லை. மேலிருந்து கீழாகக் கீறல்கள் இருந்தால் அது ஒரு முறையாவது சூட்டில் உரசிய மெஷின். எவ்வளவு அகலம் என்று பார்த்து வையுங்கள். சிலிண்டர் சுவரில் நகத்தை வைத்து இழுக்க முடிந்தால் இழுங்கள். நகம் மாட்டினால் விட்டுவிடலாம்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் கொடுக்கும் அழுத்தம். சிறிய மெஷின்களைக் கயிற்றுப் பிடியில் தொங்கவிட்டு, விட்டு விட்டு இறங்கினால் நல்லது என்பார்கள். இதில் அந்தச் சோதனையை நம்பாதீர்கள். செயின் ஓடும் நீளத் தகடான பாரும் செயினும் இல்லாமலே 070 பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். அந்தக் கனத்தில் நல்ல மெஷினும் சரசரவென்று இறங்கும். பைக் மெக்கானிக்கிடம் அதை அளக்கும் கேஜ் இருக்கும், பிளக் இடத்தில் மாட்டிப் பாருங்கள். 150 பிஎஸ்ஐ காட்டினால் நிம்மதி. 120 என்றால் ஓடும், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. 100க்குக் கீழே போனால் இன்ஜினைத் திறக்காமல் விலை பேசுவதில் பயனில்லை.

பிறகு கயிறு இருக்கும் பக்கத்து மூடியைக் கழற்றி, காந்தச் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கொஞ்சம்கூட ஆடக்கூடாது. ஆடினால் கிராங்க் பேரிங் போய்விட்டது, அது பெரிய செலவு.

நகலா அசலா என்ற கேள்விக்கும் வழி இருக்கிறது. 070க்கும் அதன் அண்ணனான 137 சிசி 090க்கும் கம்பெனி பாக எண்கள் 1106 என்று தொடங்கும். வார்ப்பிலேயே அந்த எண்ணும் கம்பெனிப் பெயரும் இருக்கிறதா, எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், வார்ப்பின் நேர்த்தியையும் பாருங்கள்.

உங்கள் ஊர் கடலுக்குப் பக்கம். உடல் மெக்னீசியக் கலவை, உப்புக் காற்றில் வெள்ளையாகப் பொரிந்து உதிரும். அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள்.

நாகர்கோவில் மரத் தொழிலாளி

மெக்கானிக் அண்ணன் இன்ஜினைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. நான் அதைப் பிடிக்கப்போகிற கையைப் பற்றிச் சொல்கிறேன்.

ரப்பர் தோட்டங்களில் இருபத்தைந்து வருடம் மெஷின் பிடித்தவன் நான். 070 பெரிய மெஷின். ஆர்எக்ஸ் 100 பைக்கின் இன்ஜினே 98 சிசிதான், இது 106 சிசி. மெஷின் எகிறினால் செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் இதில் கிடையாது. 1960களின் கடைசியில் வந்த வடிவம் இது, செயின் பிரேக் 1970களில்தான் வரத் தொடங்கியது. கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் அதிர்வைத் தாங்கும் ரப்பரும் கிடையாது. ஒரு மணி நேரம் பிடித்துவிட்டுச் சோற்றில் கை வைத்தால் விரல் மரத்துப்போயிருக்கும்.

பாரின் நுனியில் மேல் கால்வாசிப் பகுதி எதிலாவது பட்டால் மெஷின் கண்ணிமைப்பதற்குள் முகத்துக்கு எழும்பும். பிரேக் இல்லாத ஒரு பழைய மெஷினில் எனக்கு அது நடந்தது. வெட்டிக்கொண்டிருந்த கட்டைக்குப் பின்னால் இன்னொரு கிளை இருந்ததை நான் பார்க்கவில்லை. இடது தோளில் பதினோரு தையல். மழைக்காலத்தில் இன்றும் அந்த இடம் இழுக்கும்.

அதனால்தான் கேட்கிறேன்: நின்ற மரத்தையும் இதை வைத்து வெட்டுவீர்களா? வெட்டுவதாக இருந்தால் வாங்காதீர்கள், 40,000 கொடுத்தாலும் பிரேக் உள்ளதையே எடுங்கள். தரையில் கிடக்கும் மரத்தை நீளவாக்கில் பலகையாக அறுக்க மட்டும் என்றால் இதற்கு ஈடான மெஷின் குறைவு. பிலிப்பைன்சில் தென்னையைப் பலகையாக்குகிறவர்கள் பல காலமாக இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். புதிய 60 சிசியை முதிர்ந்த தென்னையின் அடிமரத்தில் நீளவாக்கில் விட்டால் திணறிவிடும்.

பேராவூரணி தோப்புக்காரர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நின்ற மரத்துக்கு ஏறுகிற ஆள் வருகிறார், அவரிடம் சொந்த மெஷின் இருக்கிறது. எனக்குக் கிடக்கும் மரம் மட்டும்தான்.

இன்று காலை பெரியவர் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். பட்டுக்கோட்டையிலிருந்து பைக் மெக்கானிக் ஒருவரையும் அழைத்துப் போனேன். கழற்றச் சம்மதிப்பாரோ என்று தயங்கித்தான் கேட்டேன். பெரியவரே ஸ்பானரை எடுத்து வந்து கொடுத்தார்.

வார்ப்பில் கம்பெனிப் பெயர் தெளிவாக இருக்கிறது. 1106 என்று தொடங்கும் எண் இரண்டு இடத்தில் இருக்கிறது. காந்தச் சக்கரம் துளியும் ஆடவில்லை. அடியில் இரண்டு விரற்கடை அளவுக்கு வெள்ளைப் பொரிவு இருக்கிறது, துடைத்தால் கீழே உலோகம் கெட்டியாக இருக்கிறது. கம்ப்ரஷன் 118.

பிஸ்டனில்தான் கவலை. சைலன்சர் பக்கம் மேலிருந்து கீழாகக் கீறல்கள், சுண்டுவிரல் அகலம். சாம்பல் நிறத்தில் தேய்த்துவிட்டது போல் இருக்கிறது. சிலிண்டர் சுவரில் மெக்கானிக் நகத்தை வைத்து இழுத்தார், மாட்டவில்லை. அங்கங்கே ஈயம் பூசியது போல் திட்டுகள் மட்டும் தெரிகின்றன. ரிங்கைக் குச்சியால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப வருகிறது.

பெரியவரிடம் கேட்டேன். கடைசி வருடத்தில் ஐடிலில் விட்டால் சில சமயம் தானாகவே வேகம் எடுத்ததாகவும், மெஷினைச் சாய்த்தால் சத்தம் மாறியதாகவும் சொன்னார். ஸ்க்ரூவைத் திருகிச் சமாளித்தாராம்.

விட்டுவிடலாமா?

கூடலூர் மெக்கானிக்

விடாதீர்கள். பெரியவர் நேர்மையானவர், நோயை அவரே சொல்லிவிட்டார்.

ஐடிலில் தானாக வேகம் எடுப்பதும் சாய்த்தால் சத்தம் மாறுவதும் கிராங்க் தண்டின் இரு முனையிலும் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் காற்று இழுப்பதன் அடையாளம். சீல் வழியாகக் காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறைகிறது, பிஸ்டன் உரசுகிறது. நீங்கள் பார்த்த கீறல் அதனால் வந்தது. சீலை மாற்றாமல் புது பிஸ்டன் மட்டும் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். இரண்டு பக்கச் சீலையும் மாற்றியே ஆக வேண்டும்.

சிலிண்டரில் தெரியும் திட்டுகள் பிஸ்டனின் அலுமினியம் ஒட்டிக்கொண்டது. நகம் மாட்டவில்லை என்றால் அடியில் உள்ள கெட்டிப் பூச்சு நன்றாக இருக்கிறது என்று நம்பலாம். ஒட்டியதைப் பூச்சு கெடாமல் கவனமாக எடுத்துவிடலாம், அது அனுபவமுள்ள கை செய்யும் வேலை. அந்த அசல் சிலிண்டரை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நகல் மெஷின்கள் பெருகியதில் ஒரு நன்மை, 58 மி.மீ. பிஸ்டன் எளிதாகக் கிடைக்கிறது. வாங்கும்போது பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் வளையக் கம்பியைக் கவனியுங்கள். மலிவு செட்டில் அது தளர்வாக இருக்கும். அது கழன்றால் சிலிண்டரைக் கிழித்துவிடும்.

பிஸ்டன், ரிங், சீல், டயாஃப்ரம், குழாய், கூலி எல்லாவற்றுக்கும் பட்டுக்கோட்டைக்காரரிடம் ஒரு தொகை எழுதி வாங்குங்கள். அதைப் பெரியவரிடம் காட்டி 18,000த்தில் கழியுங்கள். மறைக்காமல் பேசினால் அவருக்கும் வருத்தம் இருக்காது.

பிளக்குக்குத் தீப்பொறி கிடைக்க மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பழைய பாயிண்ட் வைத்த மாடலா என்றும் பார்த்துவிடுங்கள். பாயிண்ட் என்றால் காந்தச் சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போதே சுத்தம் செய்து 0.4 மி.மீ. இடைவெளி வைத்துவிடச் சொல்லுங்கள். அதற்காக இன்னொரு முறை கழற்ற வேண்டாம்.

நாகர்கோவில் மரத் தொழிலாளி

செயினையும் பாருங்கள். அடுத்தடுத்த மூன்று ஆணிகளில் முதல் ஆணியின் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவுக்கு அளந்தால் 20.5 மி.மீ. வர வேண்டும், அதுதான் 404 என்ற அளவுச் செயின். பல் சக்கரத்தில் செயின் உட்காரும் இடம் அரை மி.மீ.க்கு மேல் குழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். தேய்ந்த சக்கரத்தில் புதுச் செயின் சீக்கிரம் கெட்டுவிடும்.

கடையில் கிடைக்கும் செயின் குறுக்கே வெட்டுவதற்கு 30 டிகிரியில் தீட்டியிருக்கும். நீளவாக்கில் அறுக்க 10 டிகிரிக்குத் தீட்டிக்கொள்ளுங்கள், பலகை வழவழப்பாக வரும், இன்ஜினும் திணறாது. தென்னையில் மணல் போன்ற சிலிக்கா இருக்கிறது. ஒரு மரத்துக்கு இரண்டு முறையாவது அரம் போட வேண்டிவரும். பொடிப்பொடியாக மாவு விழத் தொடங்கியதும் நிறுத்தித் தீட்டுங்கள், அழுத்தாதீர்கள்.

வெறும் கையால் நூல் பார்த்து அறுக்காமல் மெஷினை இரும்புச் சட்டத்தில் மாட்டி ஓட்டுங்கள். அப்போது பாரின் நுனி சட்டத்துக்குள் அடங்கிவிடும், எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது. கூரைச் சட்டத்துக்கு அடிமரத்தின் வெளிச்சுற்றில் வைரம் ஏறிய பகுதியை மட்டும் எடுங்கள். நடுவில் இருக்கும் சோறு பாரம் தாங்காது. மரம் வெட்டிப் பல வாரம் ஆகிவிட்டதா? பூசணம் பிடிப்பதற்குள் அறுத்துவிடுங்கள்.

பேராவூரணி தோப்புக்காரர்

வாங்கிவிட்டேன். 11,000 ரூபாய்.

எழுதி வாங்கிய ரிப்பேர் தொகை 6,800. சீட்டைக் காட்டியதும் பெரியவர் கண்ணாடி போட்டுப் படித்தார். சீல் என்ற வரியில் விரலை வைத்து, "இதுதானா, நான் கார்புரேட்டர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். 11,000 என்று அவரே சொன்னார், நான் பேரம் பேசவில்லை. பாயிண்ட் மாடல்தான். செயின் அளவு 20.5 சரியாக இருக்கிறது, பல் சக்கரம் குழிந்திருக்கிறது, மாற்றச் சொல்லிவிட்டேன். கிளம்பும்போது எண்ணெய்த் துணியில் சுற்றிய அரம் ஒன்றையும் கொண்டுவந்து கையில் வைத்தார். 5.5 மி.மீ., மரப்பிடி அவர் கைக்கு ஏற்றபடி ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது.

மரங்கள் வெட்டி ஐந்து வாரம் ஆகிறது. மெஷின் வெள்ளிக்கிழமை கைக்கு வரும். பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கூடலூர் மெக்கானிக்

கடையில் கிடைக்கும் சாதாரண 2டி, அதாவது டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் லிட்டருக்கு 40 மில்லி. கம்பெனி ஆயில் என்றால் 20 மில்லி போதும் என்று புத்தகத்தில் இருக்கும். புது பிஸ்டன் என்பதால் முதல் சில டேங்க் முழு வேகத்தில் நீண்ட நேரம் பிடிக்காதீர்கள். ஒரு பலகை அறுத்ததும் அரை நிமிடம் ஐடிலில் விட்டு ஆற விடுங்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்து, வேலை முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பதும் தீர்ந்து தானாக அணையும் வரை ஐடிலில் ஓட விடுங்கள்.

முதல் பலகை அறுத்த பிறகு பிளக்கைக் கழற்றி என்ன நிறத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். காப்பிப்பொடி நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.