வெளிப்பாதையில் எதைப் பார்த்தாலும் மிரளும் குதிரை: என்ன செய்யலாம்?

கேள்வி:
ஏழு வயதுக் குதிரை. மைதானத்துக்குள் சொன்னபடி கேட்கிறது. வெளியே போனால் விழுந்த மரம், காற்றில் ஆடும் பிளாஸ்டிக் பை என்று எதைக் கண்டாலும் சட்டென்று பக்கவாட்டில் துள்ளுகிறது. கடிவாள வார் இரண்டையும் இறுக்கினால் இன்னும் பதறுகிறது. போகும்போது பேசாமல் கடந்த அதே மரத்தைத் திரும்பி வரும்போது பார்த்து மிரள்கிறதே, ஏன்?

பதில்:
திரும்பும்போது மறு கண் பக்கம் மரம் வருகிறது. கோணமும் வெளிச்சமும் வேறு. அதற்கு அது புதுப்பொருள்தான். குதிரைக்கு ஏறக்குறைய 350 டிகிரி பார்வை உண்டு. ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் தெரியாது. தலையை ஏற்றி இறக்கித்தான் தெளிவாகப் பார்த்துக்கொள்ளும். வாரை இறுக்கினால் அதுவும் போச்சு. வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும்போது கண் பழக நம்மைவிட நேரமும் பிடிக்கும்.

காது விறைத்ததும், துள்ளும் முன்பே, நிற்க விடுங்கள். வாரைக் கொஞ்சம் தளர்த்தி, நீங்களும் மூச்சை நன்றாக விடுங்கள். தலை தாழ்ந்த பிறகு, முகத்தை அந்தப் பொருளுக்கு எதிர்ப்பக்கமாக லேசாகத் திருப்பி, சற்றுத் தள்ளி வளைந்து கடக்கலாம். உங்கள் பார்வை போகிற வழியில் இருக்கட்டும். குதிகாலால் உதைத்துக் கிட்டே தள்ளினால் பயம்தான் கூடும்.

ஓடத் தொடங்கினால் ஒரு பக்க வாரை மட்டும் இழுத்து வட்டமாகத் திருப்புங்கள். முதலில் மைதானத்தில் மெதுநடையில் பழக்கிய பிறகே இது வெளியே உதவும். முழு வேகத்தில் வெடுக்கென்று இழுத்தால் குதிரை சாய்ந்து விழலாம்.

இன்னொரு பதில்:
இது திடீரென்று தொடங்கியதா? அப்படியென்றால் பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் கண்ணையும் முதுகையும் காட்டுங்கள், சேணம் அழுத்துகிறதா என்றும் பாருங்கள். வலி இருக்கிற குதிரைக்கு எதுவும் பூதமாகத்தான் தெரியும். வேலை குறைவாகவும் தானியத் தீவனம் அதிகமாகவும் இருந்தால் அதையும் குறையுங்கள்.

கேட்டவர்:
திடீரென்று இல்லை, வந்த நாளிலிருந்தே இப்படித்தான். இறங்கி நடத்திக்கொண்டு போனால் கெட்ட பழக்கம் ஆகிவிடுமா?

பதில்:
ஆகாது, தாராளமாக இறங்குங்கள். ஆனால் மிரள்வதற்கு முன்பே இறங்குங்கள். அந்தப் பொருளுக்கும் குதிரைக்கும் நடுவில் நீங்கள் நடந்தால், துள்ளினாலும் உங்கள் மேல் விழாமல் அப்பால் துள்ளும். வாரைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. கொஞ்ச காலத்துக்கு நிதானமான வேறொரு குதிரையை முன்னால் விட்டுப் பின்னால் போங்கள். பலத்த காற்றடிக்கும் நாளில் மைதானமே போதும். அப்புறம், தலைக்கவசம் போடுகிறீர்கள்தானே?