சானிடைசர் பூசியும் வாந்திபேதி வீடு முழுவதும் பரவியது ஏன்?

கார்முகில் (கேள்வி)

என் ஆறு வயது மகளுக்குத் திடீரென்று வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. தரையில் எடுத்த முதல் வாந்தியை நானே ஈரத்துணியால் துடைத்து, துணியை வாளித் தண்ணீரில் அலசி, அதே துணியால் கூடம் முழுவதையும் மீண்டும் துடைத்தேன். அதன்பின் அனைவரும் மணிக்கொரு தரம் சானிடைசர் பூசிக்கொண்டோம். ஆயினும் இரண்டு நாளுக்குள் நான், மனைவி, மாமியார் ஆகிய மூவரும் படுத்துவிட்டோம். இதற்கு நேர்மாறாக, சில ஆண்டுகளுக்கு முன் சித்தப்பாவுக்குக் காசநோய் இருப்பது தெரியாமலே மூன்று மாதம் அவருடன் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே தட்டில்கூட உண்டிருக்கிறோம். எங்களில் எவருக்கும் நோய் வரவில்லை. உயிரையே குடிக்கக்கூடிய கிருமி எங்களை விட்டுவிட, மூன்று நாளில் தானாக அடங்கும் கிருமி அத்தனை பேரையும் பிடித்தது எப்படி?

நுண்ணோக்கி

ஆய்வகப் பரிசோதனை இல்லாமல் உறுதியாகச் சொல்ல இயலாது; ஆனால் ஒருவர் பின் ஒருவராக 12 முதல் 48 மணி நேர இடைவெளியில் விழுவது நோரோ வைரஸின் வழக்கம். ஒரு கிருமி எவ்வளவு கொடியது என்பதற்கும் எவ்வளவு விரைவாகத் தொற்றும் என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அது உடலைவிட்டு எவ்வழியே வெளியேறுகிறது, வெளியே எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறது, அடுத்தவருக்கு நோய் உண்டாக்க எத்தனை துகள் வேண்டும் என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசிக் கணக்கில் நோரோ வைரஸை மிஞ்சுபவை மிகச் சில. நூற்றுக்கும் குறைவான துகள்களே ஒருவரைப் படுக்கவைக்கப் போதும். காலரா பாக்டீரியாவோ இரைப்பை அமிலத்தில் பெரும்பகுதி மடிந்துவிடுவதால், உடல்நலமுள்ள ஒருவருக்கு நோய் வரச் சுமார் பத்துக் கோடி வரை உள்ளே செல்ல வேண்டியிருக்கும் (அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை உண்பவருக்கு அதைவிட மிகக் குறைவாகவே போதும் என்பது வேறு செய்தி). உங்கள் வாளித் தண்ணீரில் எத்தனை ஆயிரம் துகள்கள் மிதந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவற்றை நீங்கள் அகற்றவில்லை, கூடம் முழுவதும் மெல்லப் பூசிவிட்டீர்கள்.

அடுத்தது சானிடைசர். இன்ஃப்ளூயன்சா, கொரோனா போன்ற வைரஸ்களைச் சுற்றிக் கொழுப்பாலான உறை இருப்பதால் ஆல்கஹால் அந்த உறையைச் சிதைத்து அவற்றைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. நோரோ வைரஸுக்கு அந்த உறையே இல்லை, வெறும் புரதக் கூடுதான். ஆகவே ஆல்கஹால் அதனிடம் பெரிதாக எடுபடுவதில்லை. சோப்பும் அதைக் கொல்வதில்லை என்றாலும், நன்றாகத் தேய்த்து ஓடும் நீரில் கழுவும்போது துகள்கள் தோலிலிருந்து பெயர்ந்து நீரோடு போய்விடுகின்றன.

வெண்சங்கு

காசநோயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது தட்டு, துணி வழியாகப் பரவுவதில்லை. நோயாளி இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துளிகள் காற்றில் மிதந்து, இன்னொருவரின் நுரையீரலின் ஆழத்திலுள்ள காற்றறைகள் வரை சென்று சேர வேண்டும்; இது பெரும்பாலும் நீண்டகால நெருக்கத்தில், காற்றோட்டம் குறைந்த அறையில் நிகழ்வது. காற்றில் பரவுபவை எல்லாமே இவ்வளவு மந்தமானவை என்று எண்ணிவிட வேண்டாம்: தட்டம்மை நோயாளி அறையைவிட்டுப் போன இரண்டு மணி நேரம் வரையிலும் அங்கே நுழைபவருக்கு அது தொற்றக்கூடும்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு தவறான அனுமானம் இருக்கிறது. எவருக்கும் நோய் வரவில்லை என்பதும் எவருக்கும் தொற்றவில்லை என்பதும் ஒன்றல்ல. காசநோய்க் கிருமி அறிகுறி எதுவுமின்றி உடலில் உறங்கிக் கிடக்கலாம். அப்படித் தொற்றியவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கே வாழ்நாளில் எப்போதாவது நோய் வெளிப்படுகிறது. அன்று உங்கள் வீட்டில் எவரும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை என்றால், இப்போதாவது மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்.

கார்முகில்

பரிசோதனை செய்துகொள்ளவில்லை, இந்த வாரமே மருத்துவரைப் பார்க்கிறோம். மகளுக்கு நேற்றுக் காலையோடு வாந்தி நின்றுவிட்டது. நாளை பள்ளிக்கு அனுப்பலாமா? கூடத்தை இப்போது எதைக்கொண்டு துடைப்பது?

நுண்ணோக்கி

வாந்தியும் வயிற்றுப்போக்கும் இரண்டுமே நின்று முழுதாக 48 மணி நேரம் கழிந்த பிறகு அனுப்புங்கள். நாளை காலையில்தான் அந்தக் கெடு முடிகிறது, அதுவும் வயிற்றுப்போக்கும் நேற்றே நின்றிருந்தால். அதன் பிறகும் இரண்டு வாரம் வரை, சில வேளை அதற்கு மேலும், மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதால் கழிப்பறை சென்றுவந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுவதை யாராவது அருகில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரைக்கு 5 சதவீத பிளீச் திரவம் ஒரு பங்கும் தண்ணீர் ஒன்பது பங்கும் கலந்து, ஐந்து நிமிடமாவது ஊறவிட்டுத் துடையுங்கள். கையுறை அணிந்து, சன்னலைத் திறந்து வையுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு மட்டும் அதைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். அந்தத் துணியைத் தூக்கி எறிந்துவிடுவதே நல்லது.