மீளாச் சூடறி துண்டிப்பான்: 'தெர்மல் ஃபியூஸ்' என்ற சொல்லுக்கு என் பரிந்துரை

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஓடத் தொடங்காத துணி உலர்த்தியைச் சரிபார்க்க நாம் தமிழில் எழுதிவரும் கையேட்டில் 'தெர்மல் ஃபியூஸ்' (அளவுக்கு மீறிச் சூடானால் மின் இணைப்பை ஒரேயடியாகத் துண்டிக்கும் சிறு பாகம்) என்பதற்கு என்ன எழுதலாம் என்று நம் குழுவில் தொடங்கிய விவாத இழை, 'வெப்ப உருகி', 'வெப்பக் காப்பு', 'சூட்டுத் தடுப்பி' என்ற மூன்று சொற்களில் வந்து நிற்கிறது. மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாளைக்கு இந்தக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் இயந்திரத்தின் பின்தகட்டைக் கழற்றப் போகிறார். அவர் கையில் நாம் கொடுக்கும் சொல் அவரைச் சரியான பாகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அதற்கு முன் 'டிரையர்' பற்றி ஒரு வார்த்தை. கடலூரிலும் புதுச்சேரியிலும் "டிரையர் ஓடலைங்க" என்று ஒருவர் சொன்னால், அவர் பெரும்பாலும் சொல்வது செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் தொட்டியைத்தான். அது துணியை வேகமாகச் சுழற்றித் தண்ணீரைப் பிழிந்து தள்ளும், அவ்வளவுதான். அதில் சூடேற்றும் பாகமே கிடையாது. அது நின்றுபோனால் பார்க்க வேண்டியவை வேறு: மூடிக்கு அடியிலுள்ள சுவிட்ச், பிரேக் கம்பி, மோட்டாரின் கெப்பாசிட்டர், ஒரே பக்கமாகக் குவிந்துவிட்ட துணி. எனவே அதைப் 'பிழிதொட்டி' என்றும், சூடான காற்றில் காயவைப்பதைத் 'துணி உலர்த்தி' என்றும் பிரித்துவிடலாம் என்ற முத்தியால்பேட்டை நண்பரின் யோசனையை முழுமனதோடு ஏற்கிறேன். முன்னால் 'துணி' என்று வருவதும் தேவைதான். வெறும் 'உலர்த்தி' என்றால் தானியம் உலர்த்தும் கருவியும் அதில் சேர்ந்துவிடும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

துணி உலர்த்தியில் பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் முதலில் எளியவற்றைப் பார்க்கச் சொல்கிறோம்: பிளக் சரியாகச் செருகியிருக்கிறதா, எம்சிபி (மின்பலகையில் தானாக விழும் காப்புச் சுவிட்ச்) கீழே விழுந்திருக்கிறதா, குழந்தைப் பூட்டு விழுந்திருக்கிறதா, கதவை மூடும்போது 'டிக்' என்று சத்தம் வருகிறதா. அதெல்லாம் சரி என்றால் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். 'ம்ம்ம்' என்று முனகல் கேட்டால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, ஆனால் சுற்ற முடியவில்லை என்று பொருள். கெப்பாசிட்டரோ, இறுகிப்போன பேரிங்கோ, எங்காவது சிக்கிய துணியோ காரணமாக இருக்கலாம். விளக்கு எரிந்தும் முனகல்கூட இல்லாமல் ஊமையாக நின்றால்தான் கதவுச் சுவிட்சையும் நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்தப் பாகத்தையும் சந்தேகப்பட வேண்டும்.

குழப்பம் தொடங்குவது இங்கேதான். சூட்டை வைத்து வேலை செய்யும் பாகம் உலர்த்திக்குள் ஒன்று மட்டும் இல்லை. காற்று குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் ஹீட்டரை நிறுத்தி, ஆறியதும் மறுபடி போட்டு, ஓடும் நேரம் முழுவதும் இதையே செய்துகொண்டிருக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று. அது தவறினால் காப்பாற்ற ஹீட்டர் பக்கத்திலேயே இன்னொன்று. மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் அதை நிறுத்திவிட்டு, ஆறியதும் தானாக மறுபடி விடும் ஓவர்லோட் வேறு, மோட்டாரோடு சேர்ந்தே இருக்கும். நான்காவதுதான் தெர்மல் ஃபியூஸ். பல மாடல்களில் இது காற்றை வெளியே தள்ளும் விசிறியின் கூட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒரு முறை துண்டித்தால் துண்டித்ததுதான், ஆறினாலும் சேராது. சில மாடல்களில் இது ஹீட்டரை மட்டும் வெட்டும்; டிரம் சுற்றும், துணி காயாது. வேறு பல மாடல்களில் மோட்டாருக்குப் போகும் இணைப்பையே வெட்டிவிடும். உலர்த்தி ஊமையாக நிற்பது அப்போதுதான்.

இந்த நான்கையும் 'வெப்பக் காப்பு' என்ற ஒரே கூரைக்குள் அடைத்தால் படிப்பவர் என்ன செய்வார்? முக்கால் மணி நேரம் கழித்துத் தானாக ஓடிய இயந்திரத்தில் ஃபியூஸை மாற்றிக்கொண்டிருப்பார். தானாக ஓடத் தொடங்கிவிட்டால் அது ஓவர்லோடின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஃபியூஸாக இருக்கவே முடியாது. இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பாகம் மீளுமா, மீளாதா? கலைச்சொல்லில் இருந்தே ஆக வேண்டிய செய்தி இதுதான் என்பது என் கருத்து.

'வெப்ப உருகி' அகராதிகளுக்குப் பொருந்திவரும் சொல், புதிதாக ஏன் ஆக்க வேண்டும் என்று மஞ்சக்குப்பத்து ஐயா கேட்டிருந்தார். ஐயா, 'உருகி' என்று பாடநூலில் படித்த பிள்ளைக்கு மனதில் வருவது, மின்னோட்டம் மிகுந்தால் உருகி அறும் கம்பி. இந்தப் பாகம் முக்கியமாகக் கவனிப்பது தன்னைச் சுற்றியுள்ள சூட்டை. இயல்பான மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்று அதிகமாகச் சூடானால் துண்டித்துவிடும். 'உருகி' என்று எழுதினால், "ஓவர் கரண்ட் வந்திருக்கு, வயரிங்கைப் பாரு" என்று மெக்கானிக் சுவரைத் தோண்டுவார். பார்க்க வேண்டிய இடமோ காற்று போகும் வழி. இன்னொன்றும் உண்டு. சில வகைகளில் உள்ளே ஒரு சிறு வில்லை உருகி, ஸ்பிரிங் விடுபட்டு இணைப்பு பிரியும் என்பது உண்மை. ஆனால் உலர்த்திகளில் வருவனவற்றில் ஈருலோகத் தகடு (இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது) சூட்டில் சட்டென வளைந்து பிரியும் வகையும் இருக்கிறது. அதில் எதுவும் உருகுவதே இல்லை.

என் பரிந்துரை 'சூடறி துண்டிப்பான்'. சூட்டை அறிந்து துண்டிப்பது. 'துண்டிப்பு' மின்வாரிய அறிவிப்பால் எல்லா வீட்டுக்கும் தெரிந்த சொல், விளக்கம் தேவையில்லை. 'வெப்பத் துண்டிப்பான்' என்று ஏன் சொல்லக்கூடாது என்று கேட்பீர்கள். அதை வெப்பத்தைத் துண்டிப்பது என்றும் விரிக்கலாம், வெப்பத்தால் துண்டிப்பது என்றும் விரிக்கலாம். ஹீட்டரை வெட்டும் மாடலும் மோட்டாரை வெட்டும் மாடலும் இருக்கிற இடத்தில் அந்த இரட்டைப் பொருள் ஆபத்து. 'சூடறி' என்று வந்துவிட்டால் அறிவது எது, வெட்டுவது எது என்பதில் ஐயம் இல்லை. வினைத்தொகை என்பதால் 'சூடறி துண்டிப்பான்' என்பதில் நடுவே ஒற்று மிகாது. 'துண்டி' என்றே நிறுத்தலாமே என்றவருக்கு: உலர்த்து, இயக்கு போன்ற வினைகள் உலர்த்தி, இயக்கி என்று பெயராகும். 'துண்டி' ஏற்கெனவே இகரத்தில் முடியும் வினை. தனியே நின்றால் ஏவலாகத்தான் காதில் விழும்.

இனி முன்னொட்டு. நம் வீட்டு மிக்ஸியை நினைத்துப் பாருங்கள். மாவு இறுகி மோட்டார் திணறினால் நின்றுவிடும். அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். அது கையால் மீட்பது. உலர்த்தி மோட்டாரின் ஓவர்லோட் தானே மீள்வது. தெர்மல் ஃபியூஸ் மீளாதது. ஆக 'கைமீட்புத் துண்டிப்பான்', 'தான்மீள் துண்டிப்பான்', 'மீளாத் துண்டிப்பான்' என்று ஒரு குடும்பமே கிடைக்கிறது. சூட்டை அறியும் வகைக்கு இடையில் 'சூடறி' சேரும்: 'மீளாச் சூடறி துண்டிப்பான்', 'தான்மீள் சூடறி துண்டிப்பான்'. சோறு வடிக்கும் எலெக்ட்ரிக் குக்கரிலும் டேபிள் ஃபேன் மோட்டாரிலும் இதே மீளாத பாகம் இருப்பதுண்டு, அங்கேயும் இந்தச் சொல் அப்படியே பொருந்தும்.

'மீளா' என்றாலே மீளாத் துயில், மீளாத் துயரம் என்று இரங்கல் சுவரொட்டி வாசம் அடிக்கிறது என்று இழையில் அக்கா ஒருவர் எழுதியிருந்தார். அந்த வழக்கு இருப்பதால்தான் அக்கா, இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போனது திரும்பாது என்பது படித்த உடனே உறைக்கும். 'ஒருமுறைத் துண்டிப்பான்' என்ற உங்கள் மாற்றுச் சொல், நாளுக்கு ஒருமுறையா, ஓட்டத்துக்கு ஒருமுறையா என்று கேட்க வைக்கிறது.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இங்குள்ள விடுதிகளில் படுக்கை விரிப்பும் துண்டும் நாள் முழுக்க உலர்த்தியில் ஓடும். அப்படி ஓர் இடத்தில், மழைச்சாரல் உள்ளே வருகிறது என்று காற்று வெளியேறும் குழாயின் வாயில் சாக்கைத் திணித்து வைத்திருந்தார்கள். பின்தகட்டைக் கழற்றிப் பார்த்தால், விசிறிக் கூட்டின் மேல் துண்டிலிருந்து உதிர்ந்த பிசிறு கம்பளித் துணிபோல் படிந்திருந்தது. கடற்காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பூத்திருந்தன. அந்த முனைகள் இரண்டுக்கும் நடுவில், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு துண்டு ஒயர். "தெர்மல் போயிடுச்சு சார், டைரக்ட் குடுத்துட்டேன், இப்ப ஓடும்" என்று முன்பு வந்தவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஓடத்தான் செய்தது. குழாய் அடைத்திருக்க, பிசிறு குவிந்திருக்க, வெட்டுவதற்கு இருந்த கடைசிக் காவலும் இல்லாமல் ஓடியது. பஞ்சுப் பிசிறு எவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் கையேட்டில் சொல்லுக்கான விளக்கத்திலேயே, இது துண்டித்தால் காற்றுவழியைப் பார்க்க வேண்டும் என்பதும் நேரடி ஒயர் கொடுக்கக்கூடாது என்பதும் சேர்ந்து வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பின்னிணைப்பில் எச்சரிக்கை போட்டால் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. என் வரைவு இது:

"மீளாச் சூடறி துண்டிப்பான் (கடையில் தெர்மல் ஃபியூஸ் என்று கேட்கவும்): அளவுக்கு மீறிய சூட்டை அறிந்து, இணைப்பை நிரந்தரமாகத் துண்டிக்கும் பாகம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரில் கண்டினியூட்டி (இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று) பார்க்கவும். பீப் வரவில்லை என்றால் பாகம் போய்விட்டது. அதன் மேல் அச்சிட்ட டிகிரியும் ஆம்பியரும் மாறாமல் புதியது வாங்கவும். புதியதைப் பொருத்தும் முன் பிசிறு வடிகட்டியையும் வெளியேற்றுக் குழாயையும் சுத்தம் செய்யவும். எக்காரணம் கொண்டும் நேரடியாக ஒயர் கொடுத்து ஓட்டக்கூடாது."

அடைப்புக்குறிக்குள் கடைச்சொல்லைத் தமிழெழுத்திலேயே வைத்திருக்கிறேன், அதை எடுத்துவிட வேண்டாம். கடைத்தெருவில் போய் 'மீளாச் சூடறி' என்று கேட்டால் பாகம் கிடைக்காது. சொல் பழகும் வரை இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும். 'லின்ட்' என்பதற்குப் 'பிசிறு' போதும். 'நூற்துகள்' என்று எழுதினால் மாவுபோல ஏதோ என்று நினைத்துக்கொள்வார்கள். தெர்மோஸ்டாட்டுக்கு 'வெப்பநிலைச் சீராக்கி' என்பதில் எனக்கு மறுப்பில்லை. சுவிட்ச், மோட்டார், பெல்ட், கெப்பாசிட்டர் நான்கும் அப்படியே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. பெல்ட் அறுந்தால் சில மாடல்களில் மோட்டாரைத் தொடங்கவிடாமல் தடுக்கும் சின்னச் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. கையால் டிரம்மைச் சுற்றினால் பிடிமானமே இல்லாமல் லேசாகச் சுழலும், அதுதான் அடையாளம். அதற்குப் 'பெல்ட் சுவிட்ச்' என்றே விட்டுவிடலாமா, 'அறுவறி சுவிட்ச்' என்று போடலாமா? மெக்கானிக் நண்பர்கள் இருவரும் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பொங்கலுக்குள் வரைவை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
கடலூர் முதுநகரிலிருந்து