மார்கழியில் கேட்ட பாக்: கொலம்பியா மாணவர் வானொலி அனுபவம்

2016 டிசம்பர். நியூயார்க் பக்கத்து ஜெர்சி சிட்டி வீட்டில் என்னோடு தங்கியிருந்த இரண்டு பேரும் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். டிக்கெட் விலையைப் பார்த்து நான் தங்கிவிட்டேன். சென்னையில் இருந்தவரை டிசம்பர் என்றால் எனக்குக் கச்சேரிதான். அந்த ஏக்கத்தில் சமையலறையில் கிடந்த பழைய ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தேன். 89.9-ல், வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோ மட்டும் தனியாகக் கேட்டது.

வாசிப்பு முடிந்ததும் விளம்பரம் எதுவும் வரவில்லை. இரண்டு மூன்று மூச்சு நேரம் அமைதி. அப்புறம் தூக்கக் கலக்கத்தோடு ஒரு பெண் குரல்: வாசித்தவர் யார், எந்த ஆண்டுப் பதிவு, அடுத்தது என்ன என்று ஒன்றுவிடாமல் சொன்னது. இருபது வயதுகூட இருக்காது அந்தக் குரலுக்கு.

அது டபிள்யூ.கே.சி.ஆர்., நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் வானொலி. 1941-லிருந்து இருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் கடைசி நாட்களில், 31 நள்ளிரவு வரை, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையை மட்டுமே ஒலிபரப்புவார்கள். பாக்ஃபெஸ்ட் என்று பெயர். இரவு பகல் கிடையாது. 1750-ல் இறந்துபோன ஒருவருக்காக, பரீட்சை முடிந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் முறைவைத்து விழித்திருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆகஸ்ட் 27 ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் பிறந்தநாள், 29 இன்னொரு ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் பிறந்தநாள். இரண்டையும் சேர்த்துக் கொண்டாடுவதும் இவர்கள் வழக்கம். 2021-ல் காலமான ஃபில் ஷாப் 1970-ல் மாணவராக இங்கே நுழைந்தவர். பார்க்கருக்காகவே பல பத்தாண்டுகள் காலை நிகழ்ச்சி நடத்தினார். அதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. எனக்கு முதலில் கிடைத்தது பாக்தான்.

ஒரு நாள் மாலை ஏழரை மணி இருக்கும். சென்னையில் அப்போது காலை ஆறு. கோலம் போட்டுவிட்டு அம்மா போனில் கூப்பிட்டார். ரேடியோவில் தனி வயலினுக்கு பாக் எழுதிய இரண்டாவது பார்ட்டீட்டா, அதாவது நடன இசைத் துண்டுகளின் தொகுப்பு. அதன் கடைசிப் பகுதியான ஷாகோன் தொடங்கியிருந்தது. கால் மணி நேரம் போகும் அது. நான்கு தாளக்கட்டு நீளமுள்ள ஒரு சின்ன அடித்தளம் திரும்பத் திரும்ப வரும். அதன் மேல் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒன்று எழும்பும். கச்சேரியில் ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாகவே படாது.

"என்னடா அது, சர்ச்சுல இருக்கியா?"

"இல்லம்மா, ரேடியோ. காலேஜ் பசங்க போடறாங்க."

போனை ரேடியோ பக்கத்தில் வைத்தேன். அம்மா வயலின் கற்றுக்கொண்டவர். கல்யாணத்துக்கு அப்புறம் பெட்டியைத் திறக்கவில்லை. நடுவில் ராகம் மாறினதுபோல் வெளிச்சமாகும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் அம்மா மூச்சை இழுத்துக்கொண்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. முடியும்வரை பேசவில்லை.

"பக்கவாத்தியமே இல்லாமலா?" என்றார் கடைசியில்.

மறுநாள் அதே நேரத்துக்கு போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை, சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை.

"அந்தப் பசங்க இன்னிக்கும் போடறாங்களா? பக்கத்துல வை."