புதுப்பிப்பு: கேம் திறந்தால் திரை கறுக்கும் பழைய கிராஃபிக்ஸ் கார்டு

முன்பு கேட்டது சுருக்கமாக: ஆறு வருடப் பழைய கார்டு, கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் திரை கறுக்கிறது, ஃபேன் முழு வேகத்தில் அலறுகிறது, புதிது வாங்கப் பணமில்லை. இப்போது சரியாகிவிட்டது. செலவு தெர்மல் பேஸ்டுக்கும் (சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் பசை) அதைத் துடைக்கும் ஆல்கஹாலுக்கும் மட்டும்தான்.

காரணம் சூடு. வெப்பநிலை காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருளில் ஜிபியூ, அதாவது கார்டின் முக்கியச் சிப், 78 டிகிரி; அதிலேயே மிகச் சூடான இடமான ஹாட்ஸ்பாட் 108. இந்த இடைவெளி வழக்கமாக 10 முதல் 20 வரை இருக்கும். 30 வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத்தான்.

பேஸ்டை மாற்ற, சிப்பின் மேலுள்ள ஹீட்சிங்கை (சூட்டை உறிஞ்சும் உலோகப் பாகம்) தூக்கும்போது ஃபேன் ஒயரை மறக்காதீர்கள். வெடுக்கென்று இழுத்தால் சாக்கெட்டே பெயர்ந்துவரும். பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புதியதைச் சிப் முழுவதும் பரப்புங்கள். நடுவில் ஒரு பொட்டு வைத்தால் மூலைகள் காலியாக நிற்கலாம். நான்கு ஸ்குரூவையும் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். தெர்மல் பேடு (மெமரி சிப் போன்றவற்றுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையிலுள்ள மெத்தென்ற பட்டை) கிழிந்தால் அதே தடிமனில் வாங்குங்கள். 1 மி.மீ. இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் சிப்பில் சரியாக உட்காராது, சூடு முன்பைவிட ஏறும்.

கூடவே கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பு) 80% ஆகக் குறைத்தேன். இப்போது ஹாட்ஸ்பாட் 84ஐத் தாண்டவில்லை.

கணினியை இயக்கியதும் விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் திரையிலேயே கோடும் கட்டமும் தெரிந்தால் கதை வேறு. பெரும்பாலும் மெமரி சிப் கோளாறு, பேஸ்ட் உதவாது. கார்டை ஓவனில் வைத்துச் சூடாக்கச் சொன்னவர்களே, தயவுசெய்து அதை யாருக்கும் சொல்லாதீர்கள்: சில நாள் உயிர் வரலாம், ஆனால் கார்டிலுள்ள கெபாசிட்டர் கெடும், நீங்கள் சமைக்கும் ஓவனில் நச்சுப்புகை படியும். பிராசஸரில் கிராஃபிக்ஸ் இருந்தால் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகி, பணம் சேரும்வரை ஓட்டலாம்.