பெருவட்டத் தொலைவு சரி, 'பிளாக் டைம்' என்ன ஆவது?

வணக்கம்.

விமானச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்தப் பேச்சில், இரண்டு ஊர்களுக்கு இடையே பூமியின் பரப்பை ஒட்டிய மிகக் குறுகிய தொலைவுக்கு (great circle distance) 'நேர்கோட்டுத் தொலைவு' வேண்டாம் என்பதுதான் என் கட்சியும். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேர்கோடு போட்டால் பூமியைத் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டும். கணிதத்தில் ஏற்கெனவே புழங்கும் 'பெருவட்டத் தொலைவு' போதும். அதை விளக்க இந்த இரண்டு ஊர்களைப் போல வசதியானவை கிடைப்பது அரிது. தீர்க்கரேகையில் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கம் என்பதால் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. 180 பாகையில் இரண்டு ஊர்களின் அட்சரேகைகளையும் (1.4, 40.6) கழித்தால் மிச்சம் 138. பாகைக்கு 60 கடல் மைல், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். சுமார் 15,300 கிலோமீட்டர் வந்துவிடுகிறது.

சிக்கல் நேரத்தில்தான். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் 17 மணி நேரம். அட்டவணையோ பதினெட்டரைக்கு மேல் காட்டுகிறது. பல நாள்களில் துருவத்தை விட்டு, மேல்காற்று பின்னாலிருந்து தள்ளும் பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போவது ஒரு காரணம். இன்னொன்று, அட்டவணைக் கணக்கு விமானம் எழும்பும்போது தொடங்குவதில்லை. நிறுத்திடத்தை விட்டு நகர்ந்ததுமே தொடங்கி, போய்ச் சேர்ந்த ஊரில் நிறுத்திடத்தில் நின்ற பிறகுதான் முடிகிறது. இந்தக் கணக்குக்குத்தான் 'பிளாக் டைம்' (block time) என்று பெயர். அதனால்தான் அதற்குப் 'பறப்பு நேரம்' என்பது எனக்கு ஒட்டவில்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போய் வரிசையில் காத்திருப்பதெல்லாம் பறப்பா?

'தொகுதி நேரம்' என்று வைக்கலாமே என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார்.

அந்த பிளாக் வேறு ஐயா. இது சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் கட்டை. அதை எடுத்தது முதல் மறுபடி போடும் வரை உள்ள நேரம்தான் பிளாக் டைம். நானும் முதலில் 'கட்டை நேரம்' என்றுதான் எழுதினேன். வீட்டில் படித்துக் காட்டியதும் அத்தை, "என்னப்பா, கட்டையில போற நேரமா?" என்றார். அதோடு அது போயிற்று. 'முட்டுக்கட்டை நேரம்' என்றால் தாமதக் கணக்கு போலத் தொனிக்கிறது.

ஆனால் முட்டுக்கட்டை என்றதும் தேர் ஞாபகம் வந்தது. நிலையிலிருந்து கிளம்பி, கட்டை போட்டுப் போட்டு நான்கு வீதியும் திருப்பி, மறுபடி நிலைக்கு வந்தால்தான் 'தேர் நிலை சேர்ந்தது' என்கிறோம். விமானம் நிற்கும் இடத்துக்கும் 'நிலை' அப்படியே பொருந்துகிறது. 'நிலைசேர் நேரம்' என்று வைத்துப் பார்த்தேன். எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். கடிகார மணி, கால அளவு இரண்டுக்கும் நம் 'நேரம்' பொதுவாயிற்றே. ஆகவே இப்போதைக்கு 'நிலையிடை நேரம்'. சக்கரம் தரையை விட்டது முதல் தொடுவது வரை உள்ளதற்கு 'வான் நேரம்'.

விமான நிலையத்தில் தரைப்பணி பார்ப்பவர் யாராவது இங்கே உண்டா? அந்தக் கட்டைக்கு உங்களிடையே தமிழ்ப் பெயர் ஏதும் புழங்குகிறதா, இல்லை ஆங்கிலத்தில் 'சாக்' (chock) என்றேதானா?